இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் கனடா

தெமட்டகொடை, கொழும்பு
09.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் நீங்கள்தான். உங்களுக்கு மட்டும் என்று நான் அனுப்பிய குரல் செய்தியை, நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற எங்கள் குடும்ப வைபர் குழுவில் போட்டுவிட்டீர்கள். "பெரியப்பா கனடாவிலை இருந்துகொண்டு எங்கடை வீட்டை ரிமோட்டாலை நடத்துறார்" என்று நான் சொன்னதைப் பெரியப்பாவே கேட்டார். பிறகு அம்மா கேட்டார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் இலக்கத்தைத் தடுத்துவைத்திருக்கிறேன். இனிமேல் நமக்குள் கடிதம்தான். இதை போட்டோக் கொப்பி எடுக்கவும் கூடாது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மாடிக் கட்டடங்களில் லிப்ட் பூட்டுகிற, திருத்துகிற ஒரு கம்பனி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மின்சாரம் கடைசியில் உதவியது. ஆறு மாதம் பயிற்சி. பிடித்துக்கொண்டால் நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்பா இறந்து ஆறு மாதமாகிறது. வலையை மூன்றாம் தடவையும் இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போனதோடு வள்ளம் மணலில் ஏறியது, பிறகு இறங்கவில்லை. பெரியப்பா பிடித்துத் தந்த ஏஜென்சிக்காரன் சொன்ன பயணத்தில் இரண்டு காடும் ஓர் ஆறும் இருந்தன. எனக்கு அது வேண்டாம் என்றேன். அம்மா கடைசியாகச் சொன்னது: "போறதெண்டால் கனடாவுக்குப் போ. கொழும்புக்குப் போறதெண்டால் என்னோடை கதையாதை." அடுத்த நாள் கொடிகாமத்தில் காலை ரயில் ஏறினேன்.

மாமா, ஓர் உதவி. வேலை நிரந்தரமாகும்வரை அம்மாவைத் தவிர ஒருவருக்கும் நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லாதீர்கள். ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும். யார் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. இது அப்பா மேல் சத்தியம்.

அன்புடன்,
கஜானன்


நெல்லியடி
21.03.2025

அன்புள்ள மருமகன் கஜானனுக்கு,

குற்றவாளி கனகலிங்கம் எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. போட்டோக் கொப்பி எடுக்கவில்லை. கண்ணாடியில் வைத்து மூடியைத் தொட்டதுவரை உண்மை. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வைபர் விசயத்தில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கடவுள் எனக்குத் தந்த விரல் தண்டு வலிக்கிற விரல், கைப்பேசிக்காரன் வைத்திருக்கிற பொத்தான் எறும்புக்கு. ஆனால் பருத்தித்துறையில் பிறந்தும் என்னால் தண்டு வலிக்கவும் முடியவில்லை. அப்பு என்னை வள்ளத்தில் ஏற்றிய முதல் நாளே நான் சத்தியெடுத்த அளவைப் பார்த்து மீன் கூட ஒதுங்கிப் போனது என்று இன்றும் கரையில் கதை. அன்றிலிருந்து என் தொழில் வாய். நெல்லியடிக் கடையும் கொப்பி மெசினும் அதற்கு ஒரு சாட்டு.

அந்த வாயைத்தான் நீ பூட்டச் சொன்னாய். அத்தான் மேல் சத்தியமும் வைத்தாய். பூட்டினேன் தம்பி. என்ன நடந்தது என்று கேள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அயல்வீட்டுச் சிவகௌரி அக்கா கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்க வந்தார். எங்கள் பக்கத்தில் பத்திரிகைக்கு முதல் செய்தி விடுகிறவர் அவர்தான். எனக்கு அவர் தொழிற்போட்டி.

"தம்பி கனகு, உவன் கஜானனைக் கண்டு ரெண்டு கிழமை. எங்கை ஆள்?"

"அதைப் பற்றி நான் கதைக்கேலாது அக்கா."

அவர் மெசினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மெதுவாகக் கடையின் மர வாங்கிலில் அமர்ந்தார்.

"நீயோ? நீ கதைக்கமாட்டியோ?"

"மாட்டன்."

"எந்தப் பக்கத்தாலை?"

"என்னது எந்தப் பக்கத்தாலை?"

"சரி சரி, சொல்லாதை. போய்ச் சேருமட்டும் சொல்லக் கூடாதுதான். எங்கடை வாயே பிள்ளைக்கு வினையாப் போயிடும்."

உனக்குத் தெரியும், எங்கள் ஊரில் ஒரு பொடியன் ஏஜென்சியால் வெளிக்கிட்டால், அவன் போய் இறங்கும்வரை வீட்டார் மூச்சு விடமாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும், அல்லது எங்கேயாவது பிடிபட்டுவிடுவான் என்ற பயம். ஆகவே யாராவது ஒரு வீட்டார் திடீரென்று வாயை மூடினால் ஊருக்கு அது ஒன்றைத்தான் சொல்லும். அதிலும் கனகலிங்கம் வாயை மூடினால்? பின்னேரம் மீன்சந்தையில் நீ துருக்கியில் நின்றாய். காலையில் நான் பாண் வாங்கப் போனபோது மெக்சிக்கோவில். வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "போய்ச் சேந்திட்டானாம், நல்லதாப் போச்சு" என்றார்.

பக்கத்தில் நின்ற என் அக்கா மறுப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் முருகன்ரை செயல்" என்றார். அதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் வந்த பிழை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரேயொரு ஒழுக்கமான காரியம் உன்னைக் கனடாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

வெட்கத்துடன்,
மாமா


தெமட்டகொடை
06.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை லிப்ட் கிணற்றின் அடியில் இருந்து வாசித்தேன். எங்கள் பாஸ் குருநாகல்காரர். நான் சிரித்ததைப் பார்த்து, காதலியா என்று கேட்டார். நான் இப்போது கனடாவில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

சிரித்துவிட்டுப் பிறகு பயந்தேன். நீங்கள் இதை எப்படியாவது மெதுவாகத் திருத்தப் பாருங்கள். அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

இன்னொரு சங்கடம். எங்கள் கம்பனி பராமரிக்கிற கட்டடங்களில் ஒன்றில், மூன்றாம் மாடியில், வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பம் வாங்கிக் கைரேகை எடுக்கிற அலுவலகம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு தடவை எனக்கு அங்கே வேலை. வடமராட்சியில் பாதி அந்த லிப்டில்தான் ஏறி இறங்குகிறது. போன கிழமை எனக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் என் தோளை இடித்துக்கொண்டு போனார். நான் முகக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு எண்ணெய் விடுகிறேன். காவலாளி என்னை இரண்டு தடவை மறித்துச் சோதித்துவிட்டான்.

வேலை பிடித்திருக்கிறது மாமா. இருட்டுக் கிணற்றுக்குள் கம்பியில் கைவைத்தால் எங்கே உரசுகிறது என்று கைக்குத் தெரிகிறது. வலையில் மீன் பட்டதை அப்பா விரலால் அறிவார், அதைப் போல.

கஜானன்


நெல்லியடி
01.06.2025

அன்புள்ள மருமகனுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்க. மெதுவாகத் திருத்துவோம் என்று பார்த்தால் விசயம் என்னைவிட வேகமாகப் போகிறது.

முதலில் அக்காவின் நிலவரம். உங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு மணிக்கூடு. ஒன்று எங்கள் நேரம். மற்றது ரொறொன்ரோ நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், நானே பற்றரி வாங்கிக் கொடுத்தேன். யாராவது வந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்ப அங்கை விடியப்புறம், பிள்ளை நித்திரையாயிருக்கும்" என்கிறார். கோயிலில் அவருக்கு முன்வரிசை. அங்கே இருந்து மறுக்கக்கூடிய பெரியப்பாவோ, உன் குரல் செய்தியைக் கேட்டதில் இருந்து உன் பேரையே எடுப்பதில்லை. கரவெட்டியில் இருந்து தனுசியா என்று ஒரு பிள்ளையின் சாதகம் வந்தது. பிள்ளை நல்ல வடிவு, வங்கியில் வேலை. அக்கா சாதகத்தை வாங்கி வைத்துவிட்டு, "குளிருக்குப் பழகட்டும், பேந்து பாப்பம்" என்றாராம்.

ஆனால் எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவுகிற சாட்டில் என்னிடம் கேட்பார்: "கொழும்பிலை மழையாமே?" நான், "ஓம், வெள்ளமாம்" என்றால், "ஆர் கேட்டது" என்பார். இதுதான் அவர் உன்னை விசாரிக்கிற முறை.

தபால்காரர் வேறு. கொழும்பு முத்திரையோடு எனக்குக் கடிதம் வருகிறதைப் பார்த்து, அங்கே எனக்கு ஒரு பெண்ணோடு தொடுப்பு என்று முடிவுகட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதுப் பிரமச்சாரி நான். எனக்குக் கிடைத்த முதல் காதல் வதந்தி. மறுக்க மனம் வரவில்லை.

இனி எழுத விருப்பமில்லாததை எழுதுகிறேன். அத்தானின் முதல் வருச ஆட்டைத் திவசம் ஆவணித் தசமியில், செப்டெம்பர் இரண்டாந் திகதி வருகிறது. எள்ளும் தண்ணீரும் இறைக்க நீ வரவேணும், வேறு ஆர் என்று நான் கதையைத் தொடங்கினேன். அக்கா அடுப்படியை விட்டுத் திரும்பாமலே சொன்னார்:

"அவன் எப்பிடி வருவான்? அவன் கனடாவிலை எல்லோ."

"அக்கா, நான்தான் கேக்கிறன். என்னட்டையுமோ?"

"ஆறு மாசத்திலை திரும்பி வந்திட்டான், அனுப்பிப்போட்டாங்கள் எண்டு கதைக்கட்டும், என்ன? இல்லாட்டி லிப்டுக்கு எண்ணெய் விடுறான் எண்டு சிரிக்கட்டும். சித்தப்பன்ரை பொடியன் செய்யட்டும். அவனைக் கொழும்பிலை ஒரு கோயிலிலை செய்யச் சொல்லு."

தம்பி, அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மாமா


தெமட்டகொடை
12.06.2025

மாமா,

அப்பாவைக் கரையில் தூக்கியெடுத்தது நான். கொள்ளி வைத்தது நான். முப்பத்தோராம் நாள் மொட்டையடித்தது நான். ஆட்டைத் திவசத்தை மட்டும் சித்தப்பாவின் மகன் செய்வானா? அவனுக்கு அப்பாவின் பேரைத் தவிர வேறு என்ன தெரியும்?

ஊருக்கு நான் கனடாவில் இருக்கலாம். செத்தவருக்குத் தெரியும், நான் அங்கே இல்லை.

இந்தக் கதையை நான் கட்டவில்லை. அம்மாவும் கட்டவில்லை. உங்கள் வாங்கிலில் கட்டியது. நீங்களே போய் உடையுங்கள். இப்போது சத்தியத்தை எடுத்துவிடுகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நான் எல்லோருக்கும் முன்னால் பகலில் வந்து என் வீட்டுக்குள் நுழைய வேண்டும். களவாக வரமாட்டேன். அம்மா வா என்று சொல்லாமலும் வரமாட்டேன்.

கஜானன்


நெல்லியடி
30.06.2025

அன்புள்ள கஜானனுக்கு,

நீ திட்டியது சரி. போன ஞாயிறு ஒரு கல்யாண வீட்டில், முப்பது பேருக்கு நடுவில், சொல்லியே விடுவதென்று எழும்பினேன். "கஜானனைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். தூரத்தில் அக்கா தெரிந்தார். கனடாக்காரனின் தாய் என்று அவருக்கு விசிறிக்குக் கீழே கதிரை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கதிரையில் அவர் எப்படி இருந்தார் தெரியுமா? அத்தான் செத்த பிறகு அவரை இப்படி நிமிர்ந்து நான் காணவில்லை.

"என்னடா சொல்லன்" என்றார்கள்.

"அவனுக்கு அங்கை நல்ல குளிராம்" என்று சொல்லிவிட்டு வடையை வாய்க்குள் அடைத்தேன்.

ஊரில் ஒருவருடைய ரகசியத்தையும் விட்டுவைக்காத வாய் இது. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் உழுந்து மென்கிறது. நீ என்னைத் தடுத்துவைத்தது மெத்தச் சரி. உன் இடத்தில் இருந்தால் நானும் என்னைத் தடுத்துவைப்பேன்.

திவசத்துக்கு ஐயருக்குச் சொல்லிவிட்டார்கள். செய்கிறவர் பெயர் என்ற இடத்தில் சித்தப்பாவின் மகனுடைய பெயர்.

மாமா


தெமட்டகொடை
24.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் வந்துசேர முன்னரே உங்களுக்கு விசயம் வந்துசேர்ந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் கேளுங்கள்.

நேற்று முன்தினம் அந்த விசாக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில். உள்ளே ஏழு பேர். பாஸ் கூரைக்கு ஓடினார். மோட்டர் அறைக்குள் போய் பிரேக்கைக் கையால் தளர்த்தித்தான் பெட்டியை இறக்கவேண்டும். அறைச் சாவி வைத்திருந்தவர் சோத்துப் பார்சல் வாங்கப் போயிருந்தார். நான் மூன்றாம் மாடிக் கதவடியில், கீழே பெட்டி தெரிய அதைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருப்பவர்களை அமைதியாக வைத்திருப்பது என் வேலை.

உள்ளே இருந்து ஒரு குரல்: "சந்நிதி முருகா! என்னைத் தனிய விட்டிட்டியே!" பக்கத்தில் ஆறு பேர் நிற்கத் தனிய விட்டதாக முருகனோடு சண்டை பிடிக்கக்கூடிய ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வருசம் வேலிக்கு மேலால் கேட்ட குரல். மகளிடம் லண்டன் போகக் கைரேகை வைக்க வந்திருக்கிறார்.

நான் முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டேன். காவலாளிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அம்மா, பயப்பட வாணாம்" என்றான். "நீ ஆரடா எனக்குச் சொல்ல?" என்று பதில் வந்தது. அடுத்து இரும்பில் ஏதோ நெரிகிற சத்தம். கதவிடுக்கில் குடையை விட்டு நெம்புகிறார். கதவு ஒரு சாண் திறந்து, அதற்குள் கை வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெட்டி அசைந்தால் அந்தக் கை இல்லை, மாமா.

பேசினால் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கதிரை போய்விடும். பிறகு அம்மா என்னை ஒருநாளும் படியேற விடமாட்டார், திவசமும் இல்லை, ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். நினைத்து முடிய முன்னர் வாய் பேசிவிட்டது.

"சிவகௌரி மாமி! குடையை எடுங்கோ. கையை உள்ளுக்கு எடுங்கோ."

சத்தம் நின்றது.

"ஆரது?"

"நான் கஜானன், மாமி. தங்கமுத்தின்ரை மோன்."

"பொய் சொல்லாதை. அவன் கனடாவிலை."

"இல்லை மாமி. மூண்டாம் மாடியிலை. உங்களுக்கு நேர மேலை நிக்கிறன்."

"அப்பிடியெண்டால் எங்கடை நாயின்ரை பேரைச் சொல்லு பாப்பம்."

"எந்த நாய்? செத்ததோ, இப்ப இருக்கிறதோ?"

"ஐயோ, எங்கடை பொடியன்தான்!" என்று உள்ளே இருந்த மற்ற ஆறு பேருக்கும் அறிவித்தார். கை உள்ளே போனது.

சாவி வர நாற்பது நிமிடம். நாற்பது நிமிடமும் கதைத்தோம். நான் எங்கே தங்குகிறேன், என்ன சாப்பிடுகிறேன், பாணும் பருப்பும் என்றால் எந்தக் கடை, உடுப்பு யார் தோய்ப்பது, ஏன் கனடாவில் இல்லை. எல்லாம் சொன்னேன். இருட்டில் முகம் தெரியாமல் கதைப்பது சுலபமாக இருந்தது. ஐந்து மாதமாக நான் ஒருவரோடும் அவ்வளவு கதைக்கவில்லை.

கதவைத் திறந்து இறக்கியபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய சேலை முழுக்கக் கிறீஸ். ஊரில் சொல்ல வேண்டாம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. போனமுறை ஒருவரை வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுப் பட்டது போதும்.

இனி அம்மாதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

கஜானன்


நெல்லியடி
02.08.2025

அன்புள்ள மருமகனே,

வா!

இந்தச் சொல்லை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் மிச்சத்தை எழுத மூன்று பக்கம் வேண்டும், அதுவரை நீ மூச்சுப் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அக்கா வரச் சொல்கிறார். இனி ஆறுதலாகக் கேள்.

சிவகௌரி அக்கா நெல்லியடியில் பஸ்ஸால் இறங்கி நேரே என் கடைக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கனகு, உனக்குள்ளை இப்பிடி ஒரு அழுத்தம் இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு" என்றார். போட்டியாளரின் பாராட்டு. பிறகு, "நான் தங்கமுத்திட்டைப் போறன்" என்றார். கடையைச் சாத்திவிட்டு ஓட்டோவில் பின்னால் ஏறினேன். அக்காவுக்கு ஏதும் ஆனால் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பது என் எண்ணம். பார்க்காமல் விட்டால் ஆயுளுக்கும் கவலைப்படுவேன் என்பதும் ஓர் எண்ணம்தான்.

அக்கா மா இடித்து அரித்துக்கொண்டிருந்தார். சிவகௌரி அக்கா எல்லாவற்றையும் சொன்னார். லிப்ட் இப்போது இருபதாம் மாடியில் நின்றது. கயிறு ஒவ்வொரு இழையாக அறுந்தது. நீ இருட்டுக்குள் தொங்கிக்கொண்டு வந்தாய். நான் திருத்தப் போகவில்லை, நல்ல கதை.

அக்கா அரிதட்டை நிறுத்தவில்லை. கனடாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊரைப் பற்றி இல்லை. கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் கதைச்சவன்?"

"நாப்பது நிமிசம் வரும்."

"நாப்பது நிமிசமோ?"

"அதுக்கு மேலையும் இருக்கும். எல்லாம் சொன்னவன். பாணும் பருப்பும்தானாம். உடுப்புத் தோய்க்க ஞாயிறு மட்டும்தானாம். மெலிஞ்சு போனான் தங்கமுத்து. வாயைத் திறந்தால் மூடமாட்டன் எண்டான்."

அரிதட்டு நின்றது.

"எனக்கு அஞ்சு மாசமாய் ஒரு சொல் இல்லை," என்றார் அக்கா. "பெத்தவளுக்கு ஒரு சொல் இல்லை. வேலிக்கு அங்காலை இருக்கிறவளோடை நாப்பது நிமிசம்!"

"நீதானேயடி கதையாதை எண்டனி?"

"நான் சொன்னால்? நான் ஆயிரம் சொல்லுவன். அவன் கேக்கிறதே?"

தம்பி, அதற்குப் பிறகுதான் அழுதார். கனடாக் கதை உடைந்துபோனதுக்கு அல்ல. நாற்பது நிமிடத்துக்கு. மா பூசிய கையால் முகத்தைத் துடைத்து, ஒரு வெள்ளைக் கோமாளியைப் போல எழும்பி, கதிரையில் ஏறி ரொறொன்ரோவைச் சுவரில் இருந்து கழற்றினார். கழற்றி என் கையில் தந்துவிட்டு, "திவசத்துக்கு வரச் சொல்லு. அவன்ரை வேட்டியை நான் தோய்ச்சு வைக்கிறன்" என்றார். பிறகு சிவகௌரி அக்காவைப் பார்த்து, "நீ இரு. முழுக்கச் சொல்லு. என்ன பருப்பு?" என்றார்.

ஊர் சிரித்ததா என்று கேட்பாய். சிரித்தது. நான்கு நாள். என்னைக் கண்ட இடமெல்லாம், "என்ன கனகு, கனடா இப்ப மூண்டாம் மாடியிலையோ?" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைவிட நன்றாக என்னைப் பார்த்துச் சிரிக்க இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் ஊரில் ஒரு பெண்பிள்ளை வாகனம் ஓட்டுகிற பொடியனோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டது. ஊர் அங்கே போய்விட்டது. நாங்கள் இவ்வளவு நாள் இதற்கா பயந்தோம்?

ஐயரிடம் போய்ப் பெயரை மாற்றிவிட்டேன். பகலில் வா. வீதிப் பக்கத்து முன்படலையால் வா.

மாமா


தெமட்டகொடை
10.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். திவசச் சாப்பாட்டில் மூன்றாம் தடவை பாயாசம் கேட்டுவிட்டு நீங்கள் விறாந்தையில் குறட்டை விட்டதால், நான் போய்வருகிறேன் என்று சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் காணவில்லை. உங்களுக்கு அது பெரிய இழப்பு என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நான் எள்ளும் தண்ணீரும் இறைத்ததை நீங்கள் பார்த்தீர்கள். ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. பின்னால் இருந்து அம்மாதான் சொன்னார். வழமையாக அப்பாவின் பெயரை அவர் சொல்லவே மாட்டார், உங்களுக்குத் தெரியும்.

பின்னேரம் அம்மா என்னோடு பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு வந்தார். நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. என் கம்பனிச் சட்டையைத் தோய்த்து, மடித்து, பெயர் எழுதிய பக்கம் மேலே தெரியப் பையில் வைத்திருந்தார். வாங்கிலில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவிடம் கேட்டார்:

"மோன் வெளிநாடோ?"

வழக்கம் விடாது, முருகன்ரை செயல் என்றாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார் அம்மா. "கொழும்பிலை வேலை. லிப்ட் திருத்துறவன். வேலையை நிரந்தரமாக்கிப் போட்டாங்கள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாற தீபாவளிக்கு வந்திடுவான். கனடா எண்டால் வருவானே?" என்றார்.

அந்த அம்மா கைப்பேசியை எடுத்து ஒரு சின்னப் பிள்ளையின் படத்தைக் காட்டினார். பேரன். நாலு வயது. இன்னும் கையில் தூக்கவில்லையாம். அம்மா அந்தப் படத்தை வாங்கி, கனநேரம் பார்த்து, "வடிவான பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்தார்.

பஸ் வந்தது. நான் யன்னல் பக்கம் இருந்தேன். அம்மா கீழே நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நீ திருத்தின லிப்ட் ஒண்டிலை நான் ஏறிப் பாக்கலாமோ?"

"ஏறலாம் அம்மா. வாங்கோவன்."

"இடையிலை நிண்டு போனால்?"

"நான் கதவடியிலை நிப்பன்."

"எவ்வளவு நேரம் எண்டாலும் கதைச்சுக்கொண்டு நிப்பியோ?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி," என்றார். பஸ் வெளிக்கிட்டது.

அன்புடன்,
கஜானன்